கிறுக்கியல்: இல்லத்துப் பயிற்றுவோர்க்கு ஒரு காண்டிகையுரை

பாயிரம்

மாணாக்கீர்! இல்லத்தில் அமர்ந்து தம் மக்களின் கையெழுத்தைத் திருத்தப் புகுந்தோர்க்கு உரியது இந்நூல். திருத்துமுன் வகுத்தல் வேண்டும். வகுக்காமல் திருத்தப் புகுந்தவர் தம் குரல்வளையைத் தவிர வேறு கருவி எதையும் கையாண்டதாகத் தெரியவில்லை. குறிப்பெடுப்போர் எடுத்துக்கொள்க, கோடிட்ட தாளில் எடுத்தல் நன்று.

நூலுக்குத் தடை ஒன்று உண்டு. கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது என்னும் ஊர்ப்பேச்சைக் காட்டி, இந்நூலே வேண்டா என்பர் ஒருசாரார். அவர்க்கு விடை மூன்று. ஒன்று: தலையெழுத்தை எழுதியவன் கையெழுத்தை இன்றுவரை எவரும் படித்ததில்லை, படிக்கவியலாத எழுத்தைச் சான்றாக வைத்தல் முறையன்று. இரண்டு: அவனுக்கு இளமையில் இல்லத்துப் பயிற்றுவோர் இலர், ஆகவே அவனைக் குறை கூறலும் முறையன்று. மூன்று: காந்தியடிகள் தம் வரலாற்றைத் தாமே எழுதியபோது, அழகற்ற கையெழுத்தை முற்றுப்பெறாக் கல்வியின் அடையாளமாகக் கொள்ள வேண்டும் என்றார். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர்களின் அழகிய எழுத்தைக் கண்டு நாணித் தம் எழுத்தைத் திருத்த முயன்றார். அதற்குள் பொழுது கடந்திருந்தது. பிள்ளைக்கு எழுத்தைக் கற்பிக்குமுன் ஓவியத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதும் அவர் துணிபு. மூன்றாம் விடையே வலிது. முன்னிரண்டும் தடை கூறியவரை வாயடைத்தற்பொருட்டு வைத்தவை.

முதல் இயல்: பிடி

கரிக்கோலைப் பற்றும் முறை பிடி எனப்படும். கரிக்கோலாவது மக்கள் பென்சில் என்பது. பிடி ஐவகை.

1. முவ்விரற்பிடி. பெருவிரலும் சுட்டுவிரலும் பற்ற, நடுவிரல் கீழிருந்து தாங்குவது. இதுவே தலைப்பிடி.

2. நால்விரற்பிடி. அணிவிரலும் தாங்கலில் கூடுவது. இதனைக் குற்றம் என்பாரும் உளர். தெளிவுக்கும் விரைவுக்கும் இதனால் ஊறு இன்மையின் யாம் விலக்கோம்.

3. முட்டிப்பிடி. ஐவிரலும் மூடிப் பற்றுவது. மூன்று அகவையில் இயல்பு, ஏழில் குற்றம், இடைப்பட்ட அகவையில் இல்லத்தாரின் பொறுமைக்கு ஏற்ப இயல்பாகவோ குற்றமாகவோ கொள்ளப்படும்.

4. போர்வைப்பிடி. பெருவிரல் சுட்டுவிரலின்மேல் ஏறிக் கோலையும் சேர்த்துப் போர்த்திக்கொள்வது. இப்பிடியால் கை விரைவில் நோகும். 'கை வலிக்குதும்மா' என்று பிள்ளை கூறுங்கால் அது மெய்யோ பொய்யோ என்னும் ஐயம் எழும். அப்போது பெருவிரலை நோக்குக. போர்த்தியிருப்பின் மெய். போர்த்தாதிருப்பின் வெளியே பந்து விளையாடும் ஓசை கேட்கிறதா என்று நோக்குக.

5. கூர்ப்பிடி. கரிமுனையிலேயே விரல் வைப்பது. விரல்நுனி கறுக்கும், அங்கிருந்து தாள், கன்னம், சுவர் என்னும் வரிசையில் கருமை பரவும்.

முட்டிப்பிடியை மாற்றும் வழி சொல்லால் ஆவதன்று. நீள்கோலை வாங்கிக்கொண்டு குறுங்கோலைத் தருக. பாதி விரலளவே உள்ள கோலையோ வண்ணக்கட்டித் துண்டையோ முட்டியால் பற்ற இடமில்லை. மூன்று விரல் தாமே கூடும். ஆயினும் இல்லத்தார் செய்வது என்ன? தேய்ந்த கோலைக் குப்பையில் இட்டு, முனையில் அழிப்பான் பொருத்திய நெடுங்கோலை வாங்கித் தருவர். இது நூலறியாதார் செயல்.

இடக்கைப்பிடி இவ்வைந்தின் புறத்தது. அது குற்றமன்று. தாளின் மேல்முனை வலப்பக்கம் சாயுமாறு திருப்பி வைத்து, கோலைச் சற்று மேலே பற்றச் செய்க. எழுதியது கையால் மறையாது, மையும் கலையாது. இடக்கையை வலக்கையாக்க முனைவோர் இந்நூலை இவ்வரியோடு மூடி வைக்க.

இரண்டாம் இயல்: இருக்கை

இருக்கை மூன்று: மேசையிருக்கை, சம்மணம், குப்புறக்கிடை. மூன்றனுள் மேசையிருக்கை சிறந்தது, கால் தரையில் பதியுமாயின். பெரியோர் நாற்காலியில் பிள்ளையை ஏற்றி அமர்த்தினால் கால் தொங்கும். தொங்கும் கால் ஆடும். ஆடும் காலின் அதிர்வு எழுத்தில் தெரியும். காலடியில் அட்டைப்பெட்டி ஒன்று வைத்தால் தீரும்.

இவ்வியலில் தலையாய பொருள் நாநீட்டல். கருத்தூன்றி எழுதும் பிள்ளை தானறியாமல் நாவை வெளியே நீட்டும். அது மூவகை: இடநா, வலநா, மடிநா. எழுத்தின் வளைவுக்கு ஏற்ப நா திரும்புதல் வலநாவின் சிறப்பு; இகரம் எழுதும்போது கூர்ந்து நோக்குக. நாவை உள்ளே இழுக்கச் சொல்வது பயிற்றுவோரின் பெரும்பிழை. நா வெளியே உள்ளவரை உள்ளம் தாளில் உண்டு. நா தானாக உள்ளே சென்றால் பயிற்சி முடிந்த கணக்கு. இதற்கு மேற்பட்ட அளவுகருவி இல்லத்துக்கு வேண்டா.

மூன்றாம் இயல்: எழுத்து

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆகத் தமிழெழுத்து 247 என்பதை நீவிர் அறிவீர். இவற்றை ஒலிமுறையால் அடுக்கினர் முன்னோர். கைக்கு அம்முறை ஒவ்வாது. ஒலிமுறையில் முதலாவதான அகரம் கைமுறையில் கடினமானவற்றுள் ஒன்று. சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, நெடுக இறக்க வேண்டும். நாவுக்கு எளிதென்று கைக்கும் எளிதாகக் கொள்வது முதற்பிழை. கைமுறையில் எழுத்து நால்வகைப்படும்.

நேர்க்கோட்டினம். ட, ப என்பன. வளைவே இல்லாதவை. கையைத் தொடங்க இவையே உரியன. இவ்விரண்டையும் கற்ற பிள்ளை பட, பட்டம் என அடுத்த நாளே சொல்லெழுதப் புகும். மகரம் ஒன்றைக் கடனாகத் தருக.

காலினம். ர, ா என்பன. இரண்டும் ஒரே உடலின. ரகரத்துக்கு அடியில் ஒரு சிறு சாய்கோடு மிகுதி. அக்கோட்டைப் பிள்ளை மறப்பின் மரம் மாம் ஆகும், கரம் காம் ஆகும், பரமன் பாமன் ஆவான். இச்சாய்கோட்டுக்கு யாம் வாலி என்று பெயரிட்டோம். வாலி விடுதலே தமிழ்ப்பிள்ளைகளின் எழுத்தில் மிகுதியாகக் காணப்படும் பிழை என்பது எம் துணிபு.

சுழியினம். ன, ண, ள முதலியன. இருசுழி னகரம், முச்சுழி ணகரம் என எண்ணிக்கையால் வேறுபடுவதால் இவ்வினத்தில் பிழை எண்ணளவால் நிகழும். அது இருவகை: குறைசுழி, மிகைசுழி. குறைசுழியில் ணகரம் னகரமாகும். வீணை தன் இசையை இழக்கும். மிகைசுழியில் நாற்சுழி ணகரம் பிறக்கும். நாற்சுழி ணகரம் தொல்காப்பியத்தில் இல்லை, நன்னூலிலும் இல்லை. ஐஞ்சுழி ணகரமும் உண்டு என்பர். கரிக்கோல் புதிதாயிருக்கும் நாளில் அது தோன்றக்கூடும்.

மிகுவளைவினம். இ, ஞ, ஐ, ங முதலியன. இவற்றுள் இகரம் எங்கே தொடங்குகிறது என்பதில் தாய்க்கும் தந்தைக்கும் கருத்து வேறுபாடு எழும். முதலில் அதைத் தீர்த்துக்கொண்டு பின் பிள்ளையை அழைக்க. ஔகாரத்தை ஒகரத்துக்கு அருகில் முழு ளகரத்தை நிறுத்தி எழுதுவது பிள்ளை வழக்கு. அச்சிட்ட நூல்களிலும் காண்பதால் பிள்ளையை மட்டும் கடிந்துகொள்ளல் ஆகாது.

இனி, புள்ளியொழிப்பு. மெய்யின் தலையில் புள்ளி வைக்காது விடுதல். வினவினால், ஏட்டுச்சுவடி எழுதிய முன்னோரும் புள்ளி வைத்திலர் என்று விடை கூறும் பிள்ளையும் இருக்கக்கூடும். அது உண்மையே. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் ஆதலின் அவர் விடுத்தனர். தாளில் எழுதுவோர்க்கு அவ்விடை பொருந்தாது. அடுத்து வரும் ஊடுருவெழுத்து எழுதும் பிள்ளைக்கு மட்டும் பொருந்தும்.

நான்காம் இயல்: கிறுக்கல்

கிறுக்கல் அறுவகை எனினும், நான்கை மட்டும் விரிப்போம். எஞ்சியவை விரித்தற்குத் தகுதியற்றவை.

ஏறெழுத்து: வரி வலப்பக்கம் செல்லச் செல்ல மேலேறுவது. இறங்கெழுத்து: கீழிறங்குவது. இரண்டும் கோடற்ற தாளில் தோன்றும்; இரட்டைக்கோட்டுச் சுவடியில் அடங்கும். ஒரே வரியில் ஏறி இறங்குவதும் உண்டு; அது தனிவகையன்று, கலப்பு.

நெருக்கெழுத்து: வரியின் முதற்சொற்கள் பரந்தும் கடைச்சொல் ஒட்டிக்கொண்டும் நிற்பது. வலப்பக்க ஓரத்தில் இடம் முடிந்துவிட்டது என்பதை எழுத்து அறியும், பிள்ளை அறியாது. கடைசி எழுத்து மேல்நோக்கி வளைந்து ஓரக்கோட்டைத் தாண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடக்கையின் சுட்டுவிரலை வைத்து இடம்விட்டு எழுதப் பழக்குதல் இதற்கு மருந்து. விரலை எடுக்க மறந்து அதன்மேலேயே எழுதுவோரும் உளர்.

ஊடுருவெழுத்து: அழுத்தத்தால் அடுத்த தாளிலும் பதிவது. இதன் உள்வகை பதியும் தாளின் எண்ணால் அமையும்: ஒருதாள் ஊடுருவி, இருதாள் ஊடுருவி, முத்தாள் ஊடுருவி. முத்தாள் ஊடுருவியின் தமிழ்ப்பயிற்சியை ஆங்கிலப் பயிற்சியின் அடியில் கையால் தடவியே படிக்கலாம். இதற்கு மருந்து கரித்தாள். எழுதும் தாளுக்குக் கீழே கரித்தாளை வைத்து, அடியில் ஒன்றும் பதியாதவாறு எழுதச் சொல்க. பிள்ளை இதனை விளையாட்டாகக் கொள்ளும், கொள்ளட்டும்.

ஐந்தாம் இயல்: அட்டவணை

இவ்வியல் நூலின் நடுநாடி. 216 உயிர்மெய்யும் நிரம்ப, 18 வரியும் 12 நிரலும் கொண்ட கட்டத்தைப் பிள்ளையிடம் நிரப்பத் தருதல் இல்லந்தோறும் உள்ள வழக்கம். அட்டவணையில் எழுத்து எவ்வாறு தேய்கிறது என்பதை யாம் நான்கு படியாகக் காண்கிறோம்.

ககர வரியில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே, நா வெளியே இருக்க, அளவெடுத்து நிற்கும். இது முழுமைப்படி. ஙகர வரியில் பிள்ளை கைநிறுத்தி வினவும்: 'இந்த ஙௌ எதுல வரும்?' அங்ஙனம், இங்ஙனம் என்பவற்றில் ஙகரம் வரும். ஙௌ வருவதோர் சொல்லை யாம் கண்டிலம். ஆனால் அதைப் பிள்ளையிடம் கூறற்க, கூறின் அட்டவணை அவ்விடத்தே நிற்கும். இது வினாப்படி. டகர வரி வந்தவுடன் பிள்ளை ஒரு கண்டுபிடிப்பை நிகழ்த்தும். ட ட ட ட என 12 கட்டத்திலும் வெற்றெழுத்தை முதலில் நட்டு, பின்னர்த் துணைக்காலும் மேல்விலங்கும் கொம்பும் மாட்டிக்கொண்டே வரும். இது மாட்டுப்படி. கொம்புக்கு இடம் விடாமல் நட்டிருப்பதால் டெ, டே, டை, டொ, டோ, டௌ ஆறும் முந்திய கட்டத்துள் கொம்பை நீட்டும். றகர னகர வரிகளில் கொம்புக்கும் மேல்விலங்குக்கும் வேறுபாடு மறையும். கீழ் வலமூலையில் நிற்கும் னௌ ஒரு கோடாகவே முடியும். இது ஒழிபடி.

கட்டத்தைத் தந்த கைக்கும் நிரப்பிய கைக்கும் இங்கே ஒரு முரண் எழுவதுண்டு. பெரியார் 1935-இல் குடியரசு இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாடு அரசு ஆணையாக ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் வடிவு மாறின. அதற்கு முன் எழுதப் பழகியோர் முன்வடிவர். பின் பழகியோர் பின்வடிவர். முன்வடிவர் லகர ஐகாரத்தை இணைக்கொம்பின்றி, எழுத்தின் தலையிலேயே வளைவைப் பூட்டி எழுதுவர். பாட்டியிடம் பயின்ற பிள்ளை அவ்வளைவோடு தலை என எழுதிப் பள்ளிக்குச் செல்லும். சிவப்பு மைச் சுழியோடு மீளும். பாட்டி அச்சுழியை நோக்கி, 'இதுல என்னடா தப்பு?' என்பார். இம்முரணுக்கு நூலில் தீர்வில்லை. இரண்டையும் அழகிய எழுத்தாகவே யாம் கொள்வோம்.

அட்டவணையின் தம்பி ஒறுப்பெழுத்து. 'நான் இனி வீட்டுக்கணக்கு எழுதாமல் வரமாட்டேன்' என 100 முறை எழுதச் செய்வது. மக்கள் இம்போசிசன் என்பர். ஈண்டும் மாட்டுப்படி நிகழும், ஆனால் நெடுக்கில். நான் நான் நான் என மேலிருந்து கீழாக ஒரு நிரல், இனி இனி இனி என அடுத்த நிரல். இறுதி நிரலில் 'மாட்டேன்' இரண்டு மூன்று வரிகளில் விடுபட்டு, வாக்கு குறையாக நிற்கும். இரண்டு கோலை நூலால் கட்டி ஒருங்கே இருவரி எழுதுவோரும் உளர். இரு முனைக்கும் இடையே வரியளவு துல்லியமாக இருந்தாலன்றி இது கைகூடாது. அவ்வளவை எட்டு அகவையில் எட்டிய பிள்ளையின் கையெழுத்தைவிடக் கணக்கில் கருத்துச் செலுத்தலாம். ஒறுப்பெழுத்தால் கையெழுத்து திருந்தியதாக எடுத்துக்காட்டு எதுவும் எமக்குக் கிடைத்திலது.

ஆறாம் இயல்: பயிற்றுவோர்

நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ முதல் நெய்யரி வரை எட்டினோடு ஒப்பிட்டு மூன்று தரமாக்கினார். இல்லத்துப் பயிற்றுவோரைத் தரம் பிரிக்கும் பணி எமக்கு எஞ்சியது.

கைமேற்கையர்: பிள்ளையின் கையைத் தம் கையால் பற்றி எழுதுவிப்போர். இம்முறையால் பயிற்றுவோரின் கையெழுத்து நாளுக்கு நாள் திருந்தும்.

புள்ளியர்: புள்ளியால் எழுத்தை வரைந்து இணைக்கச் சொல்வோர். நன்று, ஆனால் நெடுநாள் கூடாது. புள்ளியில்லாத தாளில் திகைத்து நிற்கும் பிள்ளைகளை இவர் உண்டாக்குவர்.

ஒப்பிடுவோர்: 'எதிர்வீட்டுப் பிள்ளை எழுத்தைப் பார்' என்போர். எதிர்வீட்டிலும் இப்பிள்ளையின் எழுத்தைச் சுட்டி அவ்வாறே கூறப்படுகிறது என்பதை இவர் அறியார்.

உருமாற்றர்: பள்ளிக்கு நாளை தரவேண்டிய பயிற்சியை இரவு பத்து மணிக்குத் தாமே எழுதி முடிப்போர். பிள்ளையின் ஏறெழுத்தையும் குறைசுழியையும் அப்படியே படியெடுப்பர். சிலர் இதற்காகவே இடக்கையால் எழுதுவர். கலையளவில் இவரே தலையாயவர். ஆயினும் பயிற்றுவோர் வரிசையில் இவர்க்கு இடமில்லை.

தேர்வர்: எழுதி முடித்த வரியில் எது அழகிய எழுத்து என்று பிள்ளையையே கேட்டு, அதற்கு மட்டும் வட்டமிடச் செய்வோர். அடுத்த வரியில் பிள்ளை வட்டமிட்டதைப் போலவே எழுத முயலும். இவர் அருகி வாழ்வர்.

ஏழாம் இயல்: அழித்தல்

தாளுக்கு முன், நெல்லிலும் மணலிலும் விரலால் எழுதிய நாளில், அழித்தல் என்பது கையால் பரப்பிவிடல் மட்டுமே. கற்பலகை நாளில் கோவையிலையைக் கசக்கித் துடைத்தனர். குச்சியால் சிலர் எழுதினர், சிலர் அதைத் தின்றனர். தாள் வந்தபின் அழித்தல் மூன்றாயிற்று: நீரழிப்பு, தேய்ப்பழிப்பு, கிழிப்பு. எச்சில் தொட்ட விரலால் தேய்ப்பது நீரழிப்பு. இறுதியில் ஒரு துளை எஞ்சும். அழிப்பானால் தேய்ப்பது தேய்ப்பழிப்பு. அழிப்பான் கருமை படிந்ததாயின் எழுத்து அழியாது, பரவும். கிழிப்பு கொடியது. நடுவில் கம்பியிட்ட சுவடியின் பின்பாதியில் ஒரு தாளைக் கிழித்தால், அதன் இணைத்தாள் முன்பாதியிலிருந்து தானே கழன்று விழும்; சென்ற திங்கள் ஆசிரியர் 'நன்று' என எழுதிய தாளாக அது இருக்கும்.

பயிற்சியின்போது அழிப்பானை எடுத்து ஒளித்து வைத்தல் எம் நெறி. பிழையான எழுத்தின்மேல் ஒரு கோடு போட்டு அடுத்து எழுதுக.

எட்டாம் இயல்: பொழுது

நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மணித்துளி போதும். இதில் கூர்சீவலுக்குச் செலவாகும் பொழுதைக் கழிக்க. கூர்சீவல் இருவகை: தேவைச்சீவல், ஒளிவுச்சீவல். சீவிய சுருளை உடையாமல் நீளமாக எடுக்க முயல்வது பின்னது. இன்னும் தண்ணீர் குடித்தல், அதன் பயனாக எழுந்து செல்லல், மீண்டு வந்து வேறு கோல் தேடல் என்பனவும் கழிக்கப்படும். எஞ்சியது பயிற்சி.

புறனடை

இந்நூலுள் அடங்காதது சுவரெழுத்து. பிள்ளை தானே தேர்ந்து, எவரும் ஏவாமல், வெள்ளையடித்த சுவரில் வண்ணக்கட்டியால் எழுதுவது. சுவரெழுத்தில் வாலி விடுபடுவதில்லை. புள்ளி உரிய இடத்தில் நிற்கும். நெருக்கெழுத்து இல்லை, ஓரம் இன்மையின். தோள் முழுதும் அசைய எழுதுவதால் வளைவு சீராகும். இது இருவகை: நின்று எழுதியது, நாற்காலி ஏறி எழுதியது. பின்னதில் பிள்ளையின் பெயரும், அதற்கு மேல் தங்கையின் பெயரும், குற்றத்தைத் தங்கைமேல் ஏற்றுதற்பொருட்டு, அழகுற அமைந்திருக்கும். தங்கைக்கு எழுதத் தெரியாது என்பதைப் பெற்றோர் சுட்டியவுடன் என்ன செய்தல் வேண்டும் என்பதைச் சுவரியல் என்னும் தனிநூலில் கூறுவோம்.